ஆர்.ஏ.சி. பெர்த்தில் எதிரே இருந்த பையன்

பக்கவாட்டுக் கீழ்பெர்த் | சனி, இரவு 9.50

நேற்று இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். டிக்கெட் ஆர்.ஏ.சி.யிலேயே நின்றுவிட்டது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்: பக்கவாட்டுக் கீழ்பெர்த்தில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்துவிடுவார்கள். விடியும்வரை முன்பின் தெரியாத ஒருவரின் முழங்காலோடு நம் முழங்கால் இடித்துக்கொண்டிருக்கும். எனக்கு வாய்த்தவன் இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க பையன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஏறியிருந்தான். கோவில்பட்டி போகிறானாம்.

தாம்பரம் தாண்டியதும் நண்பனோடு போனில் பேசினான். காதை மூடிக்கொள்ள முடியாத தூரம். நண்பன் எதையோ கேட்டுக் கிண்டல் செய்திருக்க வேண்டும். பையன் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் இல்லைடா, அவர்களுக்கு வேலை அதிகம், அடுத்த மாதம்தான் வருகிறார்கள்” என்றான். “அவர்களுக்குப் பிடிக்காது” என்றான். “அவர்கள்தான் வாங்கித் தந்தார்கள்” என்றான்.

எனக்கு அடிவயிற்றில் ஏதோ புரண்டது. அந்த “அவர்கள்” எனக்கு நன்றாகத் தெரிந்த “அவர்கள்”. தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமானால் வினைமுற்றில் மாட்டிக்கொள்வோம். வந்தான் அல்லது வந்தாள், நடுவில் வழியில்லை. ஒளிந்துகொள்ள ஒரே இடம் மரியாதைப் பன்மை. வந்தார்கள், போனார்கள், சாப்பிட்டார்கள். கேட்பவர்கள் அதை ஒரு பெண்ணென்று தாமாகவே எடுத்துக்கொள்வார்கள். நாம் பொய்யும் சொல்லவில்லை. என் இருபதுகளையும் முப்பதுகளின் பாதியையும் இந்த விகுதியில்தான் ஓட்டினேன்.

எனக்கு இப்போது நாற்பத்தைந்து. 2003இல் இவன் வயதில் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். அறைக்கு மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் பிளைவுட் தடுப்புக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, என்னைப் போல உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடுவேன். எழுந்திருக்கும் முன் தேடியதன் தடத்தை இரண்டு முறை அழிப்பேன். ஒருமுறை செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து, லாட்ஜில் முகாம் போட்டிருந்த ஒரு வைத்தியரிடமும் போனேன். “சிறுவயதில் செய்த தவறு” என்று அவரே ஆரம்பித்தார். ஒரு டப்பா லேகியத்துக்கு என் பாதிச் சம்பளம் போயிற்று. வாசனை நன்றாகத்தான் இருந்தது.

இன்று என் அக்காவுக்குத் தெரியும், அலுவலகத்தில் நாலைந்து பேருக்குத் தெரியும். என்னுடன் இருப்பவர்களும் நானும் ஒரே வீட்டில் பதினான்கு வருடமாக இருக்கிறோம். ஆனாலும் நேற்று அந்தப் பையன் எதிரே உட்கார்ந்திருந்தபோது ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “தம்பி, நானும் அப்படித்தான். பயப்படாதே” என்று சொல்லியிருக்கலாமா? சொல்லியிருந்தால் அது உதவியா, அத்துமீறலா? காலையில் அவன் கோவில்பட்டியில் இறங்கிப் போய்விட்டான். இரவு முழுக்க எதிரே இருந்தது நானேதான் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சிறுவாணித் தண்ணீர் | சனி, இரவு 10.15

ஐயா, நான் கோயம்புத்தூர். எங்கள் பக்கம் நாய்க்குட்டியைத் தவிர எல்லோரையும் மரியாதையாகத்தான் சொல்வோம். என் மனைவியைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போது நானும் “அவர்கள்” என்றுதான் சொல்கிறேன். உங்கள் கணக்குப்படி பார்த்தால் கொங்கு நாட்டில் பாதிப் பேரை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும். ஒரு விகுதியை வைத்து ஒரு பையனின் ஜாதகத்தையே கணித்துவிட்டீர்களே.

பக்கவாட்டுக் கீழ்பெர்த் | சனி, இரவு 10.31

நியாயமான கேள்வி. ஆனால் இவன் கோவில்பட்டிக்காரன். அதே அழைப்பில் தன் மேனேஜரை “அவன் ஒரு லூசு” என்றான். அணித்தலைவியை “அவள்” என்றான். சொந்த மாமாவையே “அவன் எங்கே வரப்போகிறான்” என்றான். ஊரில் யாருக்கும் கிடைக்காத மரியாதை அந்த ஒருவருக்கு மட்டும் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. சார்ஜ் போடும் இடம் என் பக்கத்தில் இருந்தது. அவன் போனை என்னிடம் கொடுத்துத்தான் செருகச் சொன்னான். விழுப்புரம் தாண்டி, பதினொன்றரை இருக்கும், அது என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒளிர்ந்தது. திரையில் “பிளம்பர்” என்று வந்தது. இரவு பதினொன்றரைக்கு எந்த ஊரில் பிளம்பர் தானாக அழைக்கிறார்? பகலில் நாம் பத்து முறை அழைத்தாலும் எடுக்க மாட்டார். இவன் பாய்ந்து எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனான். அரை மணி நேரம் கழித்து, சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

என் போனில் என்னுடன் இருப்பவர்களின் பெயர் ஆறு வருடம் “கேஸ் ஏஜென்சி” என்று இருந்தது.

சிறுவாணித் தண்ணீர் | சனி, இரவு 10.36

பிளம்பர் விஷயத்தில் தோற்றுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற சுண்ணக்கட்டி | சனி, இரவு 11.02

முப்பத்தோராண்டு தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒரு சிறு குறுக்கீடு. ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கணப்படி வழு. வழக்கில் வந்துவிட்டதால் ஏற்றுக்கொள்கிறோம். பால் வழுவமைதி என்பது அதுதான். எந்தெந்தக் காரணத்தால் பாலும் திணையும் இப்படி மாறலாம் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது: உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு. இத்தனை வருடம் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்தபின் எடுத்துப் பார்த்தேன். அச்சம் அந்தப் பட்டியலில் இல்லை.

என் வகுப்பில் எத்தனை பேர் இந்தப் பன்மையில் உட்கார்ந்திருந்தார்களோ. பேச்சில் பெண்மை தெரிந்த ஒரு மாணவனை மற்றவர்கள் கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தது நினைவிருக்கிறது. அவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். மேற்கொண்டு எழுதத் தெரியவில்லை.

வெட்டரிவாள்77 | சனி, இரவு 11.20

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. – மட்டுறுத்துநர்]

கறுப்பு அங்கி | சனி, இரவு 11.48

நீக்கும் முன்பே படித்துவிட்டேன். “மேல்நாட்டு இறக்குமதி” என்ற பழைய பல்லவிதான். இறக்குமதியானது ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு. 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தோடு கப்பலேறி வந்தது.

இழையைத் தொடங்கியவருக்கு: இன்றைக்கு அந்தப் பையனுக்கும் 2003இல் உங்களுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தளர்த்தியது, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பழையபடி ஆக்கியது, 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள், வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் உறவுக்கு அது செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இதெல்லாம் எல்லோரும் அறிந்தது.

நம் ஊரில் நடந்ததைத்தான் பலர் கவனிக்கவில்லை. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் செய்ததை வேறு எந்த நீதிபதி செய்வார் என்று தெரியவில்லை. இதைப் பற்றித் தனக்குச் சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகுதான் தீர்ப்பு எழுதினார். மருத்துவம் என்ற பெயரில் இவர்களை “மாற்ற” முயல்வதைத் தடைசெய்தார். உங்கள் லேகிய வைத்தியர் வகையறாவுக்கு அன்றே மூக்கணாங்கயிறு விழுந்தது. செய்தித்தாள்கள் கண்ணியமாக எழுதச் சொற்கள் வேண்டுமென்று அவர் வற்புறுத்தியதால், தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலையே 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

திருமணம் இன்னும் இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்தார் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொன்னது. ஆகவே அந்தப் பையன் உங்களைவிட நல்ல காலத்தில் பிறந்தவன். அவனுக்காக ரொம்ப வருந்த வேண்டாம்.

பக்கவாட்டுக் கீழ்பெர்த் | ஞாயிறு, காலை 6.10

நன்றி. தேதிகள் எனக்கும் மனப்பாடம், ஆனால் எனக்கு அவை வேறு மாதிரி நினைவிருக்கின்றன. 2013 டிசம்பர் தீர்ப்பு வந்த வாரம் நாங்கள் போய் இன்னொரு கட்டில் வாங்கினோம். வீட்டுக்காரர் திடீரென்று வந்தால் காட்டுவதற்கு. இரண்டு படுக்கையறை, இரண்டு கட்டில், இரண்டு தலையணை, எல்லாம் முறைப்படி. 2018இல் தீர்ப்பு வந்த அன்று அலுவலக கேண்டீனில் ஒலியை அணைத்து டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வானவில் கொடியோடு யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். நான் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டு, மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று டி.வி.யைப் பார்க்காமல் இருந்தேன். அந்தக் கட்டில் இன்னமும் இருக்கிறது. காய்ந்த துணிகளைக் குவிக்கப் பயன்படுகிறது.

சட்டம் போனாலும் கட்டில் போகவில்லை. அந்தப் பையனின் “பிளம்பர்” அந்தக் கட்டில்தான் என்று நினைக்கிறேன்.

தேக்கா மாலை | ஞாயிறு, காலை 7.25

சிங்கப்பூரிலிருந்து. இங்கும் அதே கதை. 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அம்மாவிடம் செய்தியைக் காட்டினேன். “நல்லது, இனி உன் நண்பர்களுக்கெல்லாம் பயமில்லை” என்றார். அடுத்த வாரம் காரைக்குடியில் ஒரு பெண் இருப்பதாகப் படம் அனுப்பினார். எனக்கு வயது முப்பத்தெட்டு.

பெயர் வேண்டாம் | ஞாயிறு, காலை 11.40

இரண்டு மணி நேரமாக எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

2006இல் எனக்குத் திருமணம். அவரும் இருபத்தேழு வயதில் நல்ல வேலையில் இருந்தார், நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. முதல் மூன்று மாதம் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். பிறகு என் நிறம் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு மாமியார் என்னை மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போனார். என்னைப் பரிசோதித்தார்கள். என்னை. ஒன்றும் பேசாமல் படுத்திருந்தேன்.

நான்காவது வருடம், ஒரு ராத்திரி, மின்சாரம் போன நேரத்தில் சொன்னார். இருட்டாக இருந்ததால் சொல்ல முடிந்தது என்று பிற்பாடு சொன்னார். நான் கத்தவில்லை. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. என்மேல் குறை இல்லை என்ற நிம்மதி. கோபம் அதற்கப்புறம்தான் வந்தது, இன்னும் இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தோம். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. ஊரில் இன்றுவரை நான்தான் மலடி.

இப்படிப்பட்ட கதைகளை நிறையப் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் அந்தப் பையன்தான் பாவம். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு எதிரே எந்த ரயிலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவருக்கு இருபத்துமூன்று வயதில் ஏதோ ஒரு ரயிலில் ஒரு பெரியவர் “தம்பி, வாழ முடியும், ஒரு பெண்ணைக் கட்டித்தான் தீர வேண்டும் என்று இல்லை” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என் நான்கு வருடம் எனக்குக் கிடைத்திருக்கும். ஆகவே, என் பதில்: சொல்லியிருக்க வேண்டும். அவன் சங்கடப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. ஊராருக்கெல்லாம் இலக்கணம் சொல்கிறீர்கள். இந்த இழையிலேயே இரண்டு முறை “என்னுடன் இருப்பவர்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் எத்தனை பேர்?

ஓய்வுபெற்ற சுண்ணக்கட்டி | ஞாயிறு, பகல் 12.05

அம்மா, உங்கள் பதிவைப் படித்தேன். அதை நான் கவனிக்கவே இல்லை. தமிழாசிரியன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

இருபத்தொன்று | ஞாயிறு, பகல் 2.30

நான் அந்தப் பையன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வயதுக்காரன், அதே வகைக்காரன், திருச்சியில் விடுதியில் இருக்கிறேன். என் போனிலும் ஒரு “லேப் ரெக்கார்டு” இருக்கிறது.

பெயர் வேண்டாம் அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்பதை மட்டும் சொல்ல முடியும். அதை வீட்டில் எப்படிச் சொல்லப்போகிறேன் என்பது தெரியாது.

ஆனால் பக்கவாட்டு அண்ணாவிடம் ஒரு கேள்வி. ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் வந்து “நீ யாரென்று தெரியும், பயப்படாதே” என்று சொன்னால் எனக்கு அந்த நிமிடம்தான் முதல்முறையாகப் பயம் வரும். எப்படித் தெரிந்தது, வேறு யாருக்குத் தெரியும், நடையிலா பேச்சிலா என்று அன்று முழுக்கத் தூங்க மாட்டேன். பழகும் செயலியில் வரச்சொல்லி அடித்துப் பணம் பறிக்கிற கும்பல்கள் இருக்கும் ஊரில் வாழ்கிறோம். கனிவாகப் பேசும் பெரியவர் என்றாலே எங்களுக்கு உதறல்.

அதோடு, அவன் உங்களைப் போல இருந்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அவன் சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய இருபத்துமூன்று வயதில் இரவு பதினொன்றரைக்கு உங்களை அழைக்க யார் இருந்தார்கள்?

பக்கவாட்டுக் கீழ்பெர்த் | ஞாயிறு, இரவு 8.15

யாரும் இல்லை.

2003இல் யாரும் இல்லை. “கேஸ் ஏஜென்சி” என் வாழ்க்கையில் வந்தது 2011இல்தான். அந்தப் பையனிடம் என்னைவிட எட்டு வருடம் முன்கூட்டியே ஒரு பிளம்பர் இருக்கிறார். நீ கேட்டது இன்று முழுக்க மண்டையைக் குடைந்தது தம்பி. அவனைப் பார்த்து நான் பட்டது இரக்கம் என்று நினைத்தேன். பாதி பொறாமை.

பெயர் வேண்டாம் அவர்களுக்கு. 2007இல் எனக்கும் நிச்சயம் வரை போயிற்று. தட்டு மாற்றுவதற்கு நான்கு நாள் முன்பு, வெளிநாட்டில் வேலை என்று பொய் சொல்லிக் கிளம்பி ஹைதராபாத்தில் ஒரு நண்பன் அறையில் போய்க் கிடந்தேன். அது நேர்மையால் இல்லை, பயத்தால். பயம் இன்னும் கொஞ்சம் வேறு பக்கம் சாய்ந்திருந்தால் உங்கள் கதையில் நான் அந்த ஆளாக இருந்திருப்பேன். அந்தப் பெண் வீட்டாருக்கு என்ன நேர்ந்தது என்று நான் விசாரிக்கவே இல்லை. இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்ட பிறகு ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை என்று முதல் பதிவில் எழுதினேன். அது பாதிதான் உண்மை. பேசினோம்.

விடியற்காலை, சாத்தூர் தாண்டியிருந்தது. அவன் சார்ஜர் வயரை விரலில் சுற்றிக்கொண்டே பேச்சுக்கு “வீட்டில் எல்லோரும் திருநெல்வேலியிலா சார்?” என்று கேட்டான். எனக்கு நாற்பத்தைந்து வயது. எதிரே இருப்பவன் யாரென்று தெரியும். பெட்டியில் மற்றவர்கள் தூங்குகிறார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. நான் சொன்னேன்: “அம்மா மட்டும்தான் ஊரில். அவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.”

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இருபது வருடப் பழக்கம். எனக்கே காது கூசியது. அவனுக்கு தைரியம் சொல்லப்போன ஆள் இந்த லட்சணம். அதனால்தான் இங்கே எழுதாமல் விட்டேன்.

வயர் சுற்றுவதை நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி சுற்றிக்கொண்டே, “அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?” என்றான்.

வங்கியில் என்றேன்.

“சமைப்பார்களா?”

ரசம் மட்டும் நன்றாக வைப்பார்கள் என்றேன்.

“எனக்குத் தெரிந்தவர்கள் அதுகூட வைக்க மாட்டார்கள்” என்றான். “முட்டை அவிக்கச் சொன்னால் தண்ணீர் வற்றும்வரை போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.”

இப்படியே இருபது நிமிடம். அவர்களுக்குக் குளிர் ஆகாது. அவர்கள் குறட்டை விடுவார்கள். அவர்களுடைய அம்மாவுக்கு என்னைப் பிடிக்கும், ஏனென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. எதிர்ப் பெர்த்தில் ஒரு பெரியம்மா விழித்துக்கொண்டு, இரண்டு குடும்பஸ்தர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டபடி கொட்டாவி விட்டார். கோவில்பட்டி பிளாட்பாரம் வந்ததும் எழுந்து பையை மாட்டினான். கடலைமிட்டாய் வேண்டுமானால் கடைத்தெருவில் எங்கே வாங்க வேண்டும் என்று சொன்னான். ஸ்டேஷனில் விற்பதை வாங்கக் கூடாதாம்.

பெயர் வேண்டாம் | ஞாயிறு, இரவு 8.52

முட்டை விஷயத்தில் சிரித்துவிட்டேன். என் கோபம் அப்படியே இருக்கிறது, ஆனாலும் சிரித்துவிட்டேன்.

ஹைதராபாத்துக்கு ஓடியதற்கு அந்தப் பெண் சார்பாக நன்றி சொல்ல முடியாது. யாரிடமாவது சொல்லி அவளை விசாரியுங்கள்.

இருபத்தொன்று | ஞாயிறு, இரவு 9.05

இறங்கும்போது வேறு ஒன்றும் சொல்லவில்லையா அண்ணா?

பக்கவாட்டுக் கீழ்பெர்த் | ஞாயிறு, இரவு 9.20

அக்கா மூலம் விசாரிக்கிறேன். இன்றே அவளிடம் பேசினேன்.

தம்பி, சொன்னான். படியில் நின்று திரும்பி, “அவர்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள் சார்” என்றான்.

ஓய்வுபெற்ற சுண்ணக்கட்டி | ஞாயிறு, இரவு 9.31

சொல்லிவிட்டீர்களா?

பக்கவாட்டுக் கீழ்பெர்த் | ஞாயிறு, இரவு 9.40

சற்றுமுன் போனில் சொன்னேன். யார் கேட்டது என்றான். பிளம்பர் வீட்டுக்காரர் என்றேன். நம் வீட்டுக் குழாய்க்கு என்ன ஆயிற்று என்று சமையலறைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.